குடும்பப் பெயருக்கு முதல் ஆள்

என் பெயரை இதில் எழுதப் போவதில்லை. ஜெர்மனியில் இந்தப் பீலெஃபெல்ட் நகரத்தில் இருப்பவர்களுக்கு எழுதவும் தேவையில்லை. என் துப்புரவுக் கம்பனியின் நான்கு வெள்ளை வான் வண்டிகளின் பக்கவாட்டில் நீல நிறத்தில் அது ஊர் முழுக்க ஓடித் திரிகிறது. டொச், அதாவது ஜெர்மன், எழுத்தில் பத்தொன்பது எழுத்து. வானுக்குப் பெயர் ஒட்டியவன், "இதைக் கொஞ்சம் சுருக்கலாமா?" என்று கேட்டான். "அது ஏலாது, வேண்டுமென்றால் நீ வானை நீட்டு" என்றேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு இந்த நகரத்தின் பெரிய கட்டடங்களில் யாருடைய ஆட்கள் கண்ணாடி துடைக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சிலர் சொல்வார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். முறிந்து உழைத்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

அந்தப் பெயரால் போன வருஷம் எனக்கு வந்த சங்கடத்தை நான் இதுவரை ஒருவருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

எனக்கு ஒரே ஒரு மகள். கட்டட வரைபடம் போடுகிற வேலை. அவள் ஒரு டொச் பொடியனை விரும்பினாள். பொடியன் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பு ஆசிரியர். எங்கள் வீட்டுக்கு முதல்தரம் வந்தபோது சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைத்தான். அதோடு என் மனைவியின் பக்கம் வழக்கு முடிந்தது. எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் அவனுடைய தகப்பனை ஒருதரம் பார்க்க வேண்டும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்குக் கோப்பிக்கும் கேக்குக்கும் கூப்பிட்டார்கள். சம்பந்தி ஓய்வுபெற்ற நில அளவையாளர். நெட்டை மனிதர், மனைவி காலமாகிவிட்டார். கேக் வெட்டி முடியவில்லை, அலுமாரிக்கு மேலிருந்து ஒரு காகிதச் சுருளை எடுத்து நிலத்தில் விரித்தார். அது சாப்பாட்டு மேசைக்கு அடியால் போய், கதவு நிலையைத் தாண்டி, வாசலில் கிடந்த சப்பாத்துகளில் முட்டித்தான் நின்றது. எல்லாம் பெயர்கள். அவருடைய குடும்பப் பெயர் ஒரே பெயராக எழுநூறு வருஷம் பின்னால் போகிறதாம். முப்பது வருஷமாக ஒவ்வொரு தேவாலயப் பதிவேடாக, ஒவ்வொரு பழைய ஆவணமாகத் தேடிப் பிடித்திருக்கிறார். கடைசி ஆள் மத்திய காலத்தவன் என்று சொல்லி, சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் இருந்த பெயரை விரலால் தொட்டுக் காட்டினார்.

பிறகு எழும்பி முழங்காலைத் தட்டிக்கொண்டு என்னிடம் கேட்டார். "உங்களுடைய பெயர் எவ்வளவு தூரம் போகிறது?"

நல்ல மனதோடுதான் கேட்டார். ஆனால் மகள் கொடுக்கிற இடத்தில் நான் குறைந்து நிற்க முடியுமா?

"எண்ணூறு" என்றேன்.

சொன்ன பிறகு வாய் நிற்கவில்லை. யாழ்ப்பாணத்து நல்லூரில் அரசன் இருந்த காலத்தில் இந்தப் பெயர்க்காரன் ஒருவன் குதிரைப்படைத் தளபதி என்றேன். அரசன் அவனுக்கு யானை கொடுத்தான் என்றேன். மேசைக்கு அடியில் மனைவி என் காலை மிதித்தாள். மகள் முள்ளுக்கரண்டியை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தபடி என்னையே பார்த்தாள். சம்பந்தி, "யானையா!" என்று கையைத் தட்டினார்.

அப்போதுதான் பொடியன் வாயைத் திறந்தான். கலியாணத்துக்குப் பிறகு யாருடைய பெயரை எடுப்பது என்று தாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தார்களாம். இந்த நாட்டில் கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரை வைக்கலாம், அது யாருடையதாகவும் இருக்கலாம். "எங்கள் பெயருக்கு அண்ணனின் பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்றான். "எண்ணூறு வருஷத்துப் பெயர் இவளோடு முடியக் கூடாது. நான் இவளுடைய பெயரை எடுக்கிறேன்."

நான் மூன்றாவது துண்டுக் கேக்கையும் சாப்பிட்டேன்.

காரில் ஏறிக் கதவு சாத்தினதும் மனைவி தொடங்கினாள். "இஞ்சருங்கோ, உங்களுக்கு விசரே? ஆர் அந்தத் தளபதி? உங்கடை அப்பா சைக்கிள்கூட ஓட மாட்டார்!"

மகள் பின்சீற்றில் இருந்து மிக அமைதியாகச் சொன்னாள். "அப்பா, அந்தப் பெயருக்கு எண்ணூறு வயசில்லை. அறுபத்தெட்டு வயசு. போன மாசந்தான் உங்கடை பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினனாங்கள்."

அவள் சொன்னது உண்மை. விஷயம் இதுதான். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். அவ்வளவுதான். நான் இந்த நாட்டுக்கு வந்து முதல் அகதி முகாமில் பதிகிறபோது, மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் என் கடதாசியைப் பார்த்தார். முன்னால் இருந்ததை அழைக்கிற பெயர் என்றும், பின்னால் இருந்ததைக் குடும்பப் பெயர் என்றும் தங்கள் வழக்கப்படி எழுதினார். ஏதோ கேட்டார். எல்லாவற்றுக்கும் "யா, யா" என்று தலையாட்டினேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்த டொச் அது ஒன்றுதான்.

அதிலிருந்து என்னை எல்லாரும் அப்பாவின் பெயரால் கூப்பிட, என் அப்பா ஜெர்மனிக்கு வந்துவிட்டார். ஊரில் கொடிகாமம் சந்தைக்கு அப்பால் போகாத மனிதர், உணவகக் குசினியில் என்னோடு எட்டு வருஷம் வேலை செய்தார். தலைமைச் சமையல்காரன் அவருடைய பெயரைச் சொல்லித்தான் கத்துவான். வெங்காயம் உரிக்கப் பிந்தினால் அப்பாவுக்கு ஏச்சு. சட்டி உடைந்தால் அப்பாவுக்கு ஏச்சு. நன்றாகச் செய்தால், "அருமை!" என்று தோளில் தட்டுவதும் அப்பாவைத்தான். என் சொந்தப் பெயரோ அலுவலகக் கடிதங்களில் மரியாதையாக "ஹெர்", எங்கள் "திரு" மாதிரி, போட்டு வந்தது. பிறகு மனைவி வந்தாள், அவளுக்கும் அந்தப் பெயர். மகள் பிறந்தாள், அவளுக்கும். ஆக, அந்தக் குடும்பப் பெயரைத் தேடிப் பின்னால் போனால், ஒரு தலைமுறை போகலாம். அங்கே நான் நிற்பேன். எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.

"பதிவு அலுவலகத்திலை பதியிற நாள், டெர்மின், அஞ்சு கிழமையிலை" என்றாள் மகள். "அண்டைக்கு அவர் உங்கடை பெயருக்குக் கையெழுத்துப் போடப் போறார். அதுக்கு முன்னம் நீங்கள் அவருக்கு உண்மையைச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் சொல்லுவன்."

"சொன்னால் அவன் பெயரை எடுப்பானோ, பிள்ளை?"

"அது எனக்குத் தெரியாது."

எனக்கு அதுதான் முள்ளாகக் குத்தியது. ஒன்றுமில்லாமல் வந்து, ஒரு பெயரை இந்த ஊரில் நிறுத்தியவன் நான். அது என் பேரப்பிள்ளைக்குப் போகும் என்ற வாக்கு ஒரு கேக் மேசையில் எனக்குக் கிடைத்தது. அதை நானே வாயால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நான் லேசில் விடுகிற ஆள் இல்லை. முதலில் கனடாவில் இருக்கிற அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பரம்பரையில் யாராவது படையில், அரண்மனையில் இருந்தார்களா என்று கேட்டேன்.

"அப்பான்ரை அப்பான்ரை அப்பா மட்டும் எனக்குத் தெரியும். அவர் பிடிவாதக்காரன் எண்டு சொல்லுவினம்" என்றாள்.

"அதுக்கு முன்னாலை?"

"அதுக்கு முன்னாலை ஆரடா கண்டது? நீ அங்கை என்ன புளுகினனி, முதல்லை அதைச் சொல்லு."

அக்கா சொன்ன பெயர்களை எழுதிப் பார்த்தேன். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. தகப்பன் பெயர் மகனோடு வரும், பேரனிடம் போகாது. எங்கள் பெயர்கள் ஏணிப்படி மாதிரி, ஒவ்வொரு ஆளும் ஒரு படியில் நிற்கிறான். சம்பந்தி வீட்டுப் பெயரோ நீளக் கயிறு. ஏணியை இழுத்துக் கயிறாக்க என்னாலும் முடியவில்லை.

இதற்குள் தமிழ்க் கடையில், மருமகன் என் பெயரை எடுக்கப் போகிறான் என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடைக்காரத் தம்பி முருங்கைக்காயைக் கட்டிக்கொண்டே கேட்டான். "அண்ணை, எங்கடை முறையிலை உங்கடை பெயரை முன்னாலை போடுறவன் உங்கடை பிள்ளையெல்லே?"

"ஓம், பின்னை?"

"அப்ப மருமகனும் உங்கடை பிள்ளை, மகளும் உங்கடை பிள்ளை. அண்ணன் தங்கச்சிக்கே கலியாணம் பேசுறியள்?"

கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் முருங்கைக்காயை மறந்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் கிழமை சம்பந்தி தொலைபேசியில் வந்தார். கலியாணத்துக்கு ஒரு சிறு புத்தகம் அச்சடிக்கிறாராம். இடப்பக்கம் அவர்கள் வரிசை, வலப்பக்கம் எங்கள் வரிசை. தளபதியின் பெயர், அரசனின் பெயர், முடிந்தால் யானையின் பெயரும் வேண்டுமாம். "அதற்கு முன் என்னுடைய ஆளை உங்களுக்குக் காட்ட வேண்டும்" என்று, பக்கத்து நகரத்து ஆவணக் காப்பகத்துக்கு என்னைக் கூட்டிப்போனார்.

கோவில் மாதிரி அமைதியான இடம். பேனை கொண்டுபோக விடவில்லை, பென்சில் மட்டும். ஒரு பெண் மட்டையில் வைத்த பழைய தாள் ஒன்றைக் கொண்டுவந்து பஞ்சுத் தலையணையில் படுக்க வைத்தார். எழுத்தா எறும்பா என்று தெரியவில்லை. இதிலே ஒரு பிரபு இருப்பான், இல்லாவிட்டால் வாள் பிடித்த ஒருவன் இருப்பான் என்று நான் நினைத்தேன்.

"இதோ" என்றார் சம்பந்தி. "எங்கள் பெயர் உலகத்தில் முதல்தரம் எழுதப்பட்ட இடம். இவன் மேல் வழக்கு. பக்கத்துக் காணிக்காரனின் வேலியைப் பிடுங்கித் தன் பக்கம் பெருக்கி நட்டிருக்கிறான்."

எனக்குக் காது கேட்டது சரிதானா என்று இருந்தது. "வேலி வழக்கா?"

"வேலி வழக்கு. தோற்றுவிட்டான்!"

யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு வேலி வழக்கைப் பற்றி ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு வேலிக் கதியால் நடுகிறபோதும் ஒரு விரற்கடை தள்ளி நட்டுத்தானே எங்கள் ஆட்கள் பாதிப்பேர் கோர்ட்டு வாசலில் காலத்தைக் கழித்தார்கள். அந்த ஆளை எனக்கு நேரில் தெரியும் போல இருந்தது. சம்பந்தியோ அவனைப் பற்றிச் சொல்லும்போது முகமெல்லாம் மலர்ந்து நின்றார். ஊரில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்ததால், எழுதினவன் இவனை மட்டும் "ஓடைக்கரைக்காரன்" என்று போட்டானாம். அதுவே குடும்பப் பெயராகிவிட்டது. இன்னொன்றும் சொன்னார். அவர்கள் வரிசையில் ஆறாவது ஆள் அந்த ரத்தமே இல்லை. வேறு ஊரில் இருந்து பண்ணை வேலைக்கு வந்தவன், பண்ணைக்காரனின் மகளைக் கட்டினான், பண்ணையின் பெயர் அவனுக்கு வந்தது. இந்தப் பக்கத்தில் அந்தக் காலத்து வழக்கம் அதுவாம்.

நான் யோசித்தேன். முப்பது வருஷம் தேடி, வேலி பிடுங்கின ஒருவனைக் கண்டுபிடித்து, அவனைப் பெருமையாகக் கொண்டுவந்து என் முன்னால் வைக்கிறார் இந்த மனிதர். நான் இருக்கிற என் அப்பாவை விட்டுவிட்டு, இல்லாத ஒருவனைக் குதிரையில் ஏற்றி வைத்திருக்கிறேன்.

"எனக்கு ஒரு விஷயம் சொல்ல இருக்கு" என்றேன். என் குரல் இயல்பாகப் பெரியது. அந்தப் பெண் உதட்டில் விரலை வைத்தார். அதனால் என் வாழ்க்கையிலேயே பெரிய விஷயத்தை நான் ரகசியக் குரலில் சொல்லவேண்டி வந்தது.

சம்பந்தி குனிந்து கேட்டார். "அப்படியானால் தளபதி?"

"இல்லை."

"குதிரைகள்?"

"இல்லை."

மிகவும் கவலையோடு கேட்டார். "யானையுமா?"

"யானையும் இல்லை. நான்தான். நான் மட்டும்தான்."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். கோபம் வரப்போகிறது என்று நான் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன். அவர் அந்தத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் தாளைப் பார்த்தார்.

"முப்பது வருஷமாக இந்த ஓடைக்கரைக்காரனிடம் ஒரு கேள்வி கேட்க ஆசை" என்றார். "எழுதினவன் இவனிடம் கேட்டு எழுதினானா, தன்பாட்டில் எழுதினானா? எந்தத் தாளிலும் அது இல்லை. இவன் செத்து எழுநூறு வருஷம்." கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்தார். "உங்களிடம் கேட்டார்களா?"

நான் சொல்லச் சொல்ல எழுதினார். மேசையில் இருந்தவர் எப்படிப்பட்டவர்? மண்ணிறக் கம்பளிச் சட்டை, அப்பிள் கடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மழையா? மழை. நீங்கள் என்ன உடுத்தியிருந்தீர்கள்? இரவல் ஜாக்கெட், கை விரலை மூடினது. உங்கள் சொந்தப் பெயரைக் குடும்பத்தில் எல்லாரும் தாங்குவார்கள் என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது? மகள் பிறந்த பதிவுக் கடதாசியைப் பார்த்தபோது. அழுதீர்களா? அதை எழுத வேண்டாம் என்றேன். அவரும் எழுதவில்லை.

என்னை அப்படி ஒருவரும் கேட்டதில்லை. தொழிலைப் பற்றிக் கேட்பார்கள், வான் எத்தனை என்று கேட்பார்கள். ஜாக்கெட்டைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

வெளியே வந்தபோது சொன்னார். "என் மகனிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன்."

அடுத்த சனிக்கிழமை எங்கள் வீட்டில் வைத்துச் சொன்னேன். மனைவி குசினியில் சட்டியைக் கிளறாமல் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. பொடியன் முழுதாகக் கேட்டான். கோபித்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். நாற்பது வருஷம் டொச் ஆட்களின் கோபத்தைச் சமாளித்தவன். அவன் கோபிக்கவில்லை.

"பெயர் புதியது என்பது எனக்குப் பெரிதில்லை" என்றான். "நீங்கள் எனக்குக் கதை விட்டீர்கள், நான் அதை நம்பி என் வகுப்புப் பிள்ளைகளுக்கு யானை எல்லாம் வரைந்து காட்டினேன். நான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்."

பத்து நாள் ஒரு சத்தமும் இல்லை. மகளிடம் கேட்டால், "அவர் யோசிக்கிறார்" என்பாள். அந்தப் பத்து நாளும் நான் எதைப் பற்றியும் பெருமை பேசவில்லை. ஐந்தாம் நாள் மனைவி என் நெற்றியில் கை வைத்து, "என்னப்பா, காய்ச்சலே?" என்று கேட்டாள்.

டெர்மின் அன்றைக்கு என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. நானாகப் போனேன். அலுவலர் அம்மா என்னைப் பார்த்து, "நீங்கள் யார்?" என்றார். "பெண்ணின் தகப்பன், சும்மா இருப்பன்" என்று சொல்லிச் சுவரோரம் இருந்தேன். கடதாசிகள் பார்த்தார், கடவுச்சீட்டுகள் பார்த்தார். கடைசியில் கேட்டார். "எந்தக் குடும்பப் பெயர்?"

மகள் பொடியனைப் பார்த்தாள். பொடியன் திரும்பி என்னைப் பார்த்தான்.

"எங்கள் வரிசையில் ஆறாவது ஆள் இப்படி வந்தவன்தான்" என்றான். "அவன் எடுத்தது மனைவி வீட்டுப் பெயர். அது இல்லாவிட்டால் நானும் என் பெயரில் இருந்திருக்க மாட்டேன். இவளுடைய பெயரை எழுதுங்கள்." பிறகு, டொச் ஆசிரியர்கள் விரல் நீட்டுகிற மாதிரி என்னிடம் ஒரு விரலை நீட்டினான். "ஒரு நிபந்தனை. யாராவது கேட்டால் சரியான வயதைச் சொல்ல வேண்டும்."

"அறுபத்தெட்டு" என்றேன். என் குரல் வழக்கத்துக்குத் திரும்பியிருந்தது. பக்கத்து அறையில் இருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

கலியாணப் புத்தகத்தில் இடப்பக்கம் முழுக்க எழுத்து, வேலி பிடுங்கினவன் அடியில் இருக்கிறான். வலப்பக்கம் நான் ஒருவன். மழையும் அப்பிளும் இரவல் ஜாக்கெட்டும் சேர்த்து ஏழு வரி. அதற்குக் கீழே, அக்கா தந்த ஏணிப்படிப் பெயர்களையும் சம்பந்தி தனியாகப் போட்டிருக்கிறார். அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில், "பீலெஃபெல்ட்டுக்கு வராமலே எட்டு வருஷம் இங்கே வேலை செய்தவர்" என்று எழுதச் சொன்னது நான்.

கோடையில் மருமகனின் பள்ளிக்கூடத்தில் விழா. மனைவி மரக்கறி ரோல்ஸ் சுட்டாள், நான் தட்டுத் தூக்கிப் போனேன். புதுப் பெயரைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தாய் என்று கேட்டேன். முதலாம் வகுப்பில் எந்தச் சொல்லையும் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் கை தட்டித்தான் படிப்பார்களாம். என் பெயருக்கு ஆறு தட்டு. வகுப்பிலேயே நீளமான பெயர் அதுதான் என்று பிள்ளைகளுக்குள் பெரிய கௌரவமாம். நாங்கள் முகாமில் நின்ற காலத்தில் ஒரு அலுவலரும் அதை முழுதாகச் சொன்னதில்லை. பாதியில் விட்டு, இருமுவார்கள்.

ரோல்ஸ் தட்டை மேசையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், பின்னால் ஒரு சின்னக் குரல் முழுப் பெயரையும், ஆறு துண்டும் விடாமல், "ஹெர்" போட்டுக் கூப்பிட்டது.

"ஓம்" என்று திரும்பினேன்.

முன்பல் இரண்டும் விழுந்த ஒரு டொச் பெண்பிள்ளை. சப்பாத்துக் கயிறு அவிழ்ந்து கிடந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்களை இல்லை" என்று சொல்லிவிட்டு, என்னைச் சுற்றிக்கொண்டு மருமகனிடம் ஓடினாள்.